குடமும் குழாயும்

பொருளை வரையறையின்றிச் செலவிடுவானைக் குறித்து, 'அவன் பணத்தைத் தண்ணீராய் இறைக்கின்றான்' என்று கூறுதல் தமிழ்நாட்டு வழக்கு. ஒரு கலையில் நன்கு பழகியவனுக்கு அக்கலை எளிதாயிருத்தலைச் சுட்ட, 'அஃது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு' என்பர். இவ்வழக்குகள் தோன்றிய காலத்தில், விலையின்றியும் அளவின்றியும் எளிதில் கிடைக்கும் பொருளாகத் தண்ணீர் எண்ணப்பட்டது என்பது வெளிப்படை. ஆயின், 2019ஆம் ஆண்டின் கோடையில் சென்னை மாநகரில் இவ்வழக்குத் தலைகீழாயிற்று. அங்கே தண்ணீரைப் பணம்போல் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய நிலை மக்களுக்கு நேர்ந்தது.

சென்னைக்கு ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பினால், அந்நீர் அடுத்த பருவம் வரும்வரை நகரைக் காக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு நீர்நிலைகளே நெடுங்காலமாக நகரின் உயிர்நிலைகள். அவற்றுள் பூண்டி நீர்த்தேக்கம், சென்னை மேயராக விளங்கிய சத்தியமூர்த்தியின் முயற்சியால் தொடங்கப்பெற்று, 1944ஆம் ஆண்டில் முடிவுற்றது. இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இந்நான்கும் நிரம்பினால் கொள்ளும் நீர் 11,257 மில்லியன் கன அடி ஆகும். 2018ஆம் ஆண்டின் பருவமழை பொய்த்தமையால், 2019 ஜூன் திங்களில் இவ்வளவில் நூற்றில் ஒரு பங்குதானும் எஞ்சவில்லை. அலை மோதிய ஏரிகளின் தரை வெடித்துக் கிடந்தது.

பத்தாம் நூற்றாண்டில் சோழர் அமைத்த வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியே வந்த நீரும், மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தொடங்கப்பெற்ற கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் அக்கோடையில் நகரைத் தாங்கின. அவை இருந்தும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 830 மில்லியன் லிட்டர் வேண்டியிருந்த நகருக்கு ஏறத்தாழ 525 மில்லியன் லிட்டரே வழங்க இயன்றது. குழாய்கள் வறண்டன; கிணறுகளும் ஆழ்துளைக் குழாய்களும் வற்றின. உணவு விடுதிகள் சில தம் வேளையைக் குறைத்தன. தெருமுனையில் நீர் லாரி வருமுன்னரே வண்ண வண்ணக் குடங்கள் நீண்ட வரிசையாய் நின்றன. குடத்தை நிறுத்திவிட்டு நிழலில் ஒதுங்கிய முதியோரும், கைக்குழந்தையுடன் காத்திருந்த தாய்மாரும், பள்ளிக்குச் செல்லும் நேரத்தை எண்ணித் தவித்த சிறுமியரும் அவ்வரிசைகளில் இருந்தனர்.

அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், சோலையார்பேட்டையிலிருந்து புறப்பட்ட இரயில் ஒன்று 50 தொட்டிப் பெட்டிகளில் ஏறத்தாழ 25 இலட்சம் லிட்டர் காவிரி நீரைச் சுமந்து வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. தண்ணீர் இரயிலேறி வந்த செய்தியைக் கேட்டு நாடு வியந்தது. அந்நீரைக் கொணர ஆன உழைப்பும் பொருளும் சிறியன அல்ல. இங்கே மாணவர் ஒரு கணக்கினைச் செய்து பார்த்தல் நன்று. சென்னை 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகர். அவருள் 50 இலட்சம் பேர், ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு அரை லிட்டர் நீரை வீணாக்காது காப்பாராயின், அவ்வாறு எஞ்சும் நீர் 25 இலட்சம் லிட்டர். அஃதாவது, ஓர் இரயில் சுமந்து வந்த நீர் முழுதும் இரண்டு மூன்று குவளைகளின் சிக்கனத்தில் அடங்கிவிடுகின்றது.

அவ்வாறாயின், அந்த அரை லிட்டர் நாள்தோறும் எவ்வாறு தொலைகின்றது? அதனைத் தொலைப்பவர் ஏன் அறிவதில்லை? இவ்வினாக்களுக்கு விடை காணக் குடத்தையும் குழாயையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

கிணற்றிலிருந்து நீர் இறைத்து, இடுப்பில் குடம் ஏந்தி வந்த பாட்டிமார்க்குத் தண்ணீரின் அளவு நன்கு தெரிந்திருந்தது. ஒரு குடம் என்பது ஓர் எடை. இத்தனை அடி நடை. இத்தனை முறை கயிற்றை இழுத்தல். சமையலுக்கு இரண்டு குடம், குளிக்க ஒரு தவலை, முற்றம் தெளிக்க ஒரு வாளி என்று அவர்கள் வரையறுத்தது நூல் கற்று அன்று. தோள் நோவினால் கற்றது. குடம் நீரைத் தருவதோடு நீரின் அளவையும் உடன் தருகின்றது. குழாயோ நீரை மட்டும் தந்து அளவை மறைத்துவிடுகின்றது. திருகைத் திறந்தவன் கண்ணுக்கு ஒழுகும் நீர் தெரியும். ஒழுகிப்போன நீர் தெரியாது. குழாய் உடலுழைப்பைக் குறைத்தது பெரும் நன்மை. அந்நன்மையை எவரும் இழக்க வேண்டுவதில்லை. அதனோடு கூடி வந்த மறதியைத்தான் விலக்குதல் வேண்டும்.

மறதியை விலக்கும் வழி அளந்து பார்த்தலே. 15 லிட்டர் கொள்ளும் வாளி ஒன்றைக் குழாயின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்துணை நேரம் ஆகின்றதென்று கடிகாரத்தில் நோக்குக. இரண்டு நிமிடத்தில் நிரம்பினால், அக்குழாய் நிமிடத்திற்கு ஏழரை லிட்டர் தருகின்றது என்பது பெறப்படும். அக்குழாயைத் திறந்து வைத்தபடியே இரண்டு நிமிடம் பல் துலக்குபவன், ஒருவன் நீராடுதற்குப் போதிய நீரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றான். அவனே ஒரு செம்பில் நீர் மொண்டு வாய் கொப்புளித்தால் ஒரு லிட்டருக்கு மேல் செலவாகாது. சொட்டும் குழாயின் கீழும் ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கலாம். அரை லிட்டர் சேர்ந்திருந்தால், ஒரு நாளில் 12 லிட்டர். 30 நாளில் 360 லிட்டர். தேய்ந்த ரப்பர் வளையம் ஒன்றை மாற்றும் சிறு செலவுக்குத் தயங்கி, மாதந்தோறும் இருபது முப்பது குடம் நீரை ஒழுகவிடும் இல்லங்கள் உள. கழிப்பறைத் தொட்டியின் கசிவு ஓசையின்றி நிகழ்வது. தொட்டி நீரில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்து, நீரை வெளிவிடாது அரை மணி நேரம் விட்டுவைத்தால், கீழே கிண்ணத்தில் மஞ்சள் நிறம் தோன்றுவது கொண்டு அக்கசிவை அறியலாம்.

அளவறிதல் முதற்படி. நீரின் தரம் அறிந்து வேலையைப் பகிர்தல் இரண்டாம் படி. பண்டைத் தமிழ்மக்கள் தம் நீர்நிலைகளுக்கு இட்ட பெயர்களிலேயே இந்நெறி விளங்குகின்றது. ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. குளித்தற்கு உரியதைக் குளம் என்றும், வயலுக்குப் பாய்ந்த நீர்நிலையை ஏரி என்றும் வழங்கினர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் குடிநீர் ஊருணிக்குள் கால் கழுவுதலும் துணி துவைத்தலும் தகாதன என்னும் கட்டுப்பாட்டை ஊராரே காத்து வந்தனர். எல்லா நீரும் எல்லா வேலைக்கும் உரியதன்று என்பது அவர்தம் தெளிவு. இக்காலத்து இல்லங்களிலோ, குடித்தற்குத் தகுதியாக்கப்பெற்ற நீரே வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் செல்கின்றது.

ஒரே நீர் ஓர் இல்லத்தில் இருமுறை, மும்முறை பயன்படுதல் கூடும். இதற்கும் பழைய சமையலறையே சான்று. அரிசி களைந்த கழுநீரைக் கீழே கொட்டும் வழக்கம் அங்கே இல்லை. அது கழுநீர்த் தொட்டிக்குச் சென்று மாட்டின் தாகத்தைத் தணித்தது. துவைகல்லிலிருந்து வழியும் நீர் வாழைக்குப் பாய்ந்தது. ஆதலால் கொல்லைப்புறத்தில் துவைகல்லும் வாழையும் அண்டை அயலாராய் நின்றன. மாடும் கொல்லையும் இல்லாத அடுக்ககத்து இல்லத்தார்க்கும் இந்நெறி பொருந்தும். அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் பூந்தொட்டிக்கு ஆகும். துணியைக் கடைசியாக அலசிய நீர் தரை துடைக்கவும், பின்னர்க் கழிப்பறைக்கும் ஆகும். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கும் பொறிகள், ஒரு லிட்டர் குடிநீர் தருதற்கு அதனினும் மிகுந்த நீரைக் கழித்து ஒதுக்குகின்றன. அதனை ஒரு வாளியில் பிடித்து வைத்தால், பாத்திரத்தை முதலில் கழுவவும் தரை துடைக்கவும் பயன்படும். ஆயினும் அந்நீரில் உப்பு மிகுந்திருத்தலின், செடிகளுக்கு அதனை நாள்தோறும் ஊற்றுதல் தகாது.

குழாய் நீர் தடைப்பட்ட நாளில், ஐவர் வாழும் இல்லம் ஒன்று தன் நீரை எவ்வாறு வகுக்கலாம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். முழுமையான கழிவுநீர்க் குழாய் அமைப்புடைய நகரங்களில், ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டம் வகுப்போர் கொள்ளும் அளவு. இடர்க்காலத்தில் ஒருவர்க்கு 50 லிட்டர் கிடைப்பதாகக் கொள்க. குடித்தற்கும் சமைத்தற்கும் 8 லிட்டர். நீராட ஒரு வாளி, அஃதாவது 15 லிட்டர். பாத்திரம் துலக்க 7 லிட்டர். துணிக்கு 10 லிட்டர். கை கால் கழுவவும் கழிப்பறைக்கும் 10 லிட்டர். கூட்டினால் 50 ஆகும். கழிப்பறைக்குப் பத்து லிட்டர் போதாதே எனின், துணி அலசிய நீரும் தரை துடைத்த நீரும் அங்கே துணை செய்யும். ஐவர்க்கும் சேர்த்து 250 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் ஏறத்தாழ 17 குடம். இக்கணக்கைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்த இல்லத்தில், நீரைப் பற்றிய பூசல் எழுவதில்லை. பூவாளிக் குழாயின்கீழ் நிற்பதை விடுத்து வாளியும் செம்பும் கொண்டு நீராடுதல், பாத்திரத்தின் பற்றுகளை முதலில் வழித்தெடுத்துப் பின்னர்த் தேய்த்தல், ஓடும் நீரில் அலசாது இரண்டு தொட்டிகளில் அடுத்தடுத்து முக்கி எடுத்தல் ஆகியவை இவ்வளவைக் காக்கத் துணைபுரிவன.

சிக்கனம் வேறு; தூய்மைக் குறைவு வேறு. உண்ணுமுன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் சோப்பிட்டுக் கை கழுவும் நீரில் எவரும் மிச்சம் பிடித்தல் ஆகாது. அச்சிறு மிச்சம் நோயாய் மாறிப் பெருஞ்செலவு வைக்கும். குழாயில் நீரின் அழுத்தம் குறைந்த வேளையில், மண்ணுள் கசியும் அழுக்குநீர் விரிசல் வழியே உட்புகுதல் உண்டு. ஆதலின், நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் நீரைக் கழிப்பறைக்கென ஒதுக்கிவிட்டு, பின்னர் வரும் நீரையும் கொதிக்க வைத்துக் குடித்தல் வேண்டும். பிடித்து வைத்த நீரை மூடி வைத்தலும் இன்றியமையாதது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசுக் கொசு, அண்டாவிலும் வாளியிலும் தேங்கிய தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது. வாரம் ஒருமுறை பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் இனப்பெருக்கம் தடைப்படும்.

அளவறிந்து வாழ்தல் ஓர் இல்லத்துக்கு இயலும். பெருநகருக்கு இயலுமோ என்று ஐயுறுவார்க்கு, சென்னைக்கு ஓராண்டு முன்னரே நீர்ப்பஞ்சத்தைக் கண்ட கேப்டவுன் நகரின் வரலாறு விடை கூறும். அந்நகர் தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ளது. ஏறத்தாழ 40 இலட்சம் மக்களை உடையது. 2015 முதல் மூன்றாண்டுகள் மழை குன்றியமையால் அதன் அணைகள் வற்றின. குழாய்கள் யாவும் மூடப்படும் ஒரு நாளைக் குறித்து, அதற்குச் 'சுழி நாள்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அந்நாள் வரின், மக்கள் குறித்த இடங்களுக்குச் சென்று, ஒருவர்க்கு 25 லிட்டர் வீதம் வரிசையில் நின்று பெறவேண்டும். அதனைத் தவிர்க்க, 2018 பிப்ரவரி முதல் நாளிலிருந்து ஒருவர்க்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. மக்கள் அகன்ற தொட்டியில் நின்று நீராடி, அந்நீரைக் கழிப்பறைக்கு எடுத்தனர், தோட்டங்களை வாடவிட்டனர். நகராட்சியும் நீரின் விலையை உயர்த்தியது. குழாய் அழுத்தத்தைக் குறைத்தது. உழவர்க்கு உரிய நீரும் குறைக்கப்பட்டது. இவையெல்லாம் கூடி, நகரின் நீர்ச்செலவு 2015இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. மழைக்காலமும் வந்து துணைநின்றது. அஞ்சிய நாள் வரவே இல்லை.

கேப்டவுன் நிகழ்ச்சி மற்றோர் உண்மையையும் புலப்படுத்தியது. அந்நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோர் பொதுக் குழாய்களில் நீர் சுமந்தே வாழ்ந்தவர். பஞ்சத்துக்கு முன்னரும் அவர்கள் செலவிட்ட நீர் மிகச் சிறிது. அவர்களிடம் 'சிக்கனம் செய்க' என்று கூறுதல், பசித்தவனிடம் விரதத்தின் சிறப்பை விளக்குவது போன்றதாகும். சென்னையிலும் இதுவே நிலை. வரிசையில் நின்று ஐந்து குடம் பெற்ற குடும்பத்துக்கு அளவை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, குடமே கற்பித்துவிட்டது. மேல்நிலைத் தொட்டியும் பல குழாய்களும் உடைய இல்லங்களுக்கே அப்பாடம் உரியது. அவ்வில்லங்கள் சில, விலை கொடுத்து லாரி நீரை வாங்குவதனால், 'என் பணம், என் நீர்' என்று எண்ணுதல் கூடும். அந்த லாரி நீரை உண்டாக்குவதில்லை. நகரைச் சூழ்ந்த சிற்றூர்களின் கிணறுகளிலிருந்து அதனை எடுத்து வருகின்றது. அடுக்ககத்தில் ஒருவர் திறந்துவிட்டு மறந்த குழாய், கண்காணாத ஓர் ஊரின் கிணற்றில் நீர்மட்டத்தைத் தாழ்த்துகின்றது. விலை கொடுத்தார் என்பதனால், பிறர் பங்கை வீணாக்கும் உரிமை ஒருவர்க்கு வந்துவிடாது.

மழை பெய்தவுடன் இவையனைத்தும் மறக்கப்படுதல் மக்கள் இயல்பு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. வீடுகளின் முதல் தளம்வரை நீர் புகுந்த இடங்களும் உள. அதே நகர் நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் குடிநீருக்கு இரயிலை எதிர்நோக்கியது. பெய்த மழையைக் கடலுக்கு விட்டுவிட்டுக் கோடையில் வருந்துதல் அறிவுடைமை ஆகாது எனக் கருதியே, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்னும் ஆணை தமிழ்நாட்டில் 2003இல் பிறந்தது. அவ்வமைப்பின் குழாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டிருந்தால் அதனால் பயனில்லை. பருவமழைக்கு முன் மொட்டைமாடியைப் பெருக்கி, வடிகட்டும் மணலையும் கூழாங்கல்லையும் கழுவி இடுதல், ஒவ்வோர் இல்லத்திலும் மாணவர் தாமே செய்யத்தக்க பணி. நகருக்கென 2020இல் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகையில் ஐந்தாவது நீர்த்தேக்கமும் திறக்கப்பெற்றது. எனினும், எத்துணை நீர்த்தேக்கங்கள் அமைப்பினும், அவற்றை நிரப்புவது மழையே. கடவுள் வாழ்த்தை அடுத்த இரண்டாம் அதிகாரமாகத் திருவள்ளுவர் வான்சிறப்பை அமைத்தது கருதத்தக்கது.

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது பழமொழி. குழாய் வறளுமுன் குடத்தின் அளவைக் கற்றல் வேண்டும் என்பது அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஏரி நிரம்பிய ஆண்டிலும் ஒழுகும் குழாயை அடைப்பவன், கழுநீரைச் செடிக்கு ஊற்றுபவன், வாளி நிரம்பியதும் திருகை மூடுபவன் ஆகியோர் மிச்சப்படுத்தும் நீர், ஏரியிலேயே தங்கிக் கோடைக்குத் துணையாகும். அந்நீர், என்றேனும் ஒரு நாள் லாரிக்காகக் காத்து நிற்கும் சிறுமி ஒருத்தியின் குடத்தில் விழும். அன்று அவள் வரிசை சற்றே விரைந்து நகரும். பள்ளி மணி அடிக்குமுன் அவள் வகுப்பறையில் இருப்பாள்.